பள்ளிவாசல் ராகி

பச்சியப்பன் களத்தில் முதல் காற்றுக்குத் தூற்றி விழுகிற ராகி அவன் வீட்டு ராகி அல்ல. அது தர்மபுரிப் பழைய பள்ளிவாசலுடையது. விளைந்து தள்ளிய வருஷமும் அப்படித்தான், மழை ஏமாற்றிக் கதிரெல்லாம் பொக்காய்ப் போன வருஷமும் அப்படித்தான்.

மார்கழியில் அதியமான்கோட்டைக் காடுகளில் அவரைப்பூ வாசம் பனியோடு கலந்து கிடக்கும். ராகி வரிசைகளுக்கு நடுவே விதைத்த அவரை அப்போதுதான் காய் பிடிக்கத் தொடங்கும். அறுத்த கதிரைப் போர் போட்டு, கொஞ்ச நாள் சூடேற விட்டு, களத்தில் பரப்பி, மாடு பூட்டிக் கல்லுருளை ஓட்டுவார்கள். வாடை எழும் நேரம் பார்த்துப் பச்சியப்பன் முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிச் சரிப்பான். அவன் பெண்டாட்டி செல்லம்மாள் கீழே நின்று உமியையும் தூசியையும் விளக்குமாற்றால் ஒதுக்குவாள். முதல் குவியல் சேர்ந்ததும் அதைப் புதுக் கோணியில் அள்ளிக் கட்டிக் களத்து வேப்பமரத்தடியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் இரண்டு பேரும் குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அதைச் சுமந்துகொண்டு தர்மபுரிக்கு நடப்பார்கள்.

குதிரைக்காரர்கள் காலத்தில் தொடங்கிய வேண்டுதல் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். எந்தக் குதிரைக்காரர்கள், யாருடைய குதிரைக்காரர்கள் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. பச்சியப்பனுடைய முப்பாட்டனுக்கும் முந்திய ஒருவருக்குப் பிள்ளை தங்கவில்லை. பிறப்பதும் புதைப்பதுமாக இருந்தது. கடைசியாகப் பிறந்ததைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றாள். பொழுது சாயும் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை ஓதிக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். பிள்ளை பிழைத்தது. இன்றைக்கும் சாயங்காலம் அந்த வாசலில் போய்ப் பார்த்தால் காய்ச்சல் கண்ட பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர்ச் சொம்போடு, எல்லா ஜாதிப் பெண்களும் நிற்பார்கள். அந்த மட்டில் நோய்க்கும் தாய்க்கும் வேற்றுமை தெரியாது.

ராகியை வாங்குவது பள்ளிவாசல் சாவி இருக்கிற வீட்டு ஆண்பிள்ளை. வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கி, பாத்தியா ஓதி, ஒரு பிடி அள்ளிச் செல்லம்மாளின் மடியில் போடுவார். மற்றது வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலில் ஏழைகளுக்குக் காய்ச்சுகிற கஞ்சிக்கு. திருப்பித் தந்த அந்த ஒரு பிடி மறு வருஷத்து விதை ராகியில் கலந்துவிடும். அந்தப் பிடி விழாத விதை முளைக்காது என்று யாரும் சொன்னதில்லை. விழாமல் விதைத்துப் பார்க்கிற துணிச்சலும் அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

சாவி தஸ்தகீர் சாயபுவிடம் இருந்தது. அவருடைய அப்பனிடமும், அந்த அப்பனுக்கு அப்பனிடமும் இருந்தது. மெலிந்து உயர்ந்த மனிதர். பேச்சு கொஞ்சம், பிடிவாதம் நிறைய. யாரிடமும் ஒரு வாய் வெற்றிலைகூடக் கேட்டு வாங்கமாட்டார். அவருடைய பெண்டாட்டி மாபூபி கோஷா வழக்கம் கெடாமல் வாழ்ந்தவள். தெருவில் காலடி வைக்க நேர்ந்தால் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்துக்கொண்டுதான் வைப்பாள். அதுவும் வருஷத்தில் எப்போதாவது.

ஒரு ரம்சான் நெருங்கும்போது பள்ளிவாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏணியில் ஏறின தஸ்தகீர் விழுந்து, அவருக்கு இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவன் கோணலாகக் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவர் நடப்பது ஒரு காலால், மற்றக் காலை இழுத்துக்கொண்டு. அந்த வருஷம் பள்ளிவாசல் படிகளில் அவர் ஏறி வந்ததைச் செல்லம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நெற்றியில் பனிக்காலத்திலும் வேர்வை ஊறியது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அந்த மனுசனப் படியேற வச்சு நாம என்னத்த புண்ணியம் தேடப் போறோம். அடுத்த வருசம் நேரா வூட்டுக்கே கொண்டுபோயிருவோம். சந்துக்குள்ளதான இருக்குது."

"வாசல்லதான குடுக்கறது வழக்கம்."

"வாசல்ல இருக்கறவருக்கும் வூட்டுல இருக்கறவருக்கும் சாமி ஒண்ணுதான்."

பச்சியப்பனுக்கும் அது சரி என்று பட்டது. மறு வருஷத்திலிருந்து ராகி பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் உள்ள தஸ்தகீர் வீட்டுக்குப் போயிற்று. பல தடவை மாபூபியே கதவுக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொள்வாள். தஸ்தகீர் உட்கார்ந்த இடத்தில் ஓதி ஒரு பிடி கொடுப்பார். செல்லம்மாளும் மாபூபியும் அடுப்படியில் உட்கார்ந்து வெல்லம் போட்ட சுக்குத் தண்ணீர் குடித்தபடி பிள்ளைபேறு, மாமியார் கொடுமை, மாட்டு வியாதி எல்லாம் பேசுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிற பெண்களுக்குப் பேச்சு அவ்வளவு சேர்ந்து கிடக்கும். இரக்கப்பட்டுச் செய்த காரியம் இது. இது பின்னால் பாம்பாய் வந்து நிற்கும் என்று அந்த நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோல் மண்டி கரீமுல்லா கெட்ட மனிதர் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் அவரை ராட்சசனாக ஆக்கிவிடுகிறார்கள். பள்ளிவாசல் ஒழுகியபோது தகரக் கொட்டகை போட்டுக்கொடுத்தவர் அவர். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீருக்காகக் கிணறு வெட்டினவரும் அவர்தான். வாசலுக்குப் புது வளைவும் இரண்டு பக்கமும் மினாரும் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வளைவு எழுப்பும்போது பழைய வாசலுக்கு மேலே பதித்திருந்த கல்லைப் பெயர்த்தார்கள். அதில் பாரசீக எழுத்து இருந்தது. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அடை அடையாய் ஏறி எழுத்தெல்லாம் மூடிப்போய், அதை வாசித்தவர் யாரும் உயிரோடு இல்லை. இறக்கும்போது கல் கொத்தனார் கையிலிருந்து நழுவித் துண்டு துண்டாய்ப் போயிற்று. வேண்டுமென்றே உடைத்தார்கள் என்றார் தஸ்தகீர். கை தவறிவிட்டது என்றார் கரீமுல்லா. கொத்தனார் அன்றைக்கே கூலி வாங்கிக்கொண்டு மாரண்டஹள்ளிப் பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்குச் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். தஸ்தகீரின் முன்னோர் கோட்டைக் குதிரைப்படையில் இருந்தவர், சண்டையில் செத்த தன் தம்பிக்காக அந்தப் பள்ளிவாசலைக் கட்டினார், கல்லில் இருந்தது அவர் பெயர்தான் என்றது ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லை, பேட்டையில் கடை வைத்திருந்தவர்கள் கூடிக் கட்டினது, தஸ்தகீரின் பாட்டன் அங்கே கூட்டிப் பெருக்க வைத்த ஆள் என்றது இன்னொரு கட்சி. இடிந்த கோட்டைக் கல்லை வண்டி வண்டியாய் எங்கள் ஆட்கள் இழுத்துக் கொடுத்ததுதான் என்று கல் உடைக்கிற ஒட்டர்களும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததை நேற்று சாயங்காலம் பார்த்துவிட்டு வந்தவர்கள்போல டீக்கடையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். நேற்று உடைந்த கல் எப்படி உடைந்தது என்று மட்டும் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

கரீமுல்லாவும் இன்னும் சிலரும் கமிட்டி அமைத்தார்கள். பள்ளிவாசல் ஊர்ப் பொது, சாவியும் பொறுப்பும் கமிட்டிக்கு வரவேண்டும் என்று சேலம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். சாவியோடு சேர்ந்ததுதான் பள்ளிவாசல் மானியக் காட்டு வருமானமும். தஸ்தகீர் வீட்டு அடுப்பு எரிந்தது அதில்தான். இருந்த வீடும் பள்ளிவாசலுடையதே. யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. அரிசி கண்ணில் படவில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை.

தஸ்தகீரின் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். கல் போய்விட்டது, வேறு எழுத்தும் இல்லை, ஆனால் வழக்கம் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு நேர்ந்த தானியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தஸ்தகீர் வீட்டு ஆண் கையில்தான் ஒரு குடியானவக் குடும்பம் கொடுத்து வருகிறது என்றால், அந்த வீடுதான் பள்ளிவாசலை நிர்வகிக்கிற பரம்பரை முத்தவல்லி என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும். அதுவும் வேறு மதத்து ஆள், ஆதாயம் ஒன்றும் இல்லாதவன். வக்கீல் பச்சியப்பனை வரவழைத்து எல்லாம் கேட்டார். கடைசி ஏழெட்டு வருஷமாக வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பள்ளிவாசல் வாசல்ல வச்சுக் கொடுத்ததா மட்டும் சொல்லு. வீட்டுப் பேச்சே எடுக்காதே," என்றார்.

அன்று ராத்திரி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் பச்சியப்பன் தட்டில் ஆறிக் கிடந்தன.

"அவரு சொன்னாப்பல சொல்லிட்டு வந்துருங்க," என்றாள் செல்லம்மாள். "வாசல்லதான் குடுத்தோம்னு. எத்தன வருசம் அங்க குடுத்துருக்கோம். அது பொய்யா."

"கேப்பாங்களே. போன வருசம் எங்க குடுத்தன்னு கேப்பாங்களே."

"வாசல்லன்னு சொல்லுங்க."

"நேந்துவுட்டதுல பொய் சொல்லச் சொல்றியா. எந்த வாசல்ல நம்ம வம்சம் உசுரு வாங்கிட்டு வந்துச்சோ அந்த வாசலப் பத்தியா பொய் சொல்லுவாங்க. ரெண்டு புள்ள வச்சுருக்கோம் செல்லம்மா."

செல்லம்மாள் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல, "வூட்டுக்குக் கொண்டுபோலாம்னு சொன்னவ நானு," என்றாள். "என் வாயிலதான் வந்துச்சு அந்தப் பேச்சு."

"ரெண்டு பேரும்தான போனோம். தின்னுட்டுப் படு."

அவனும் தின்னவில்லை, அவளும் தின்னவில்லை. காலையில் களி நாய்க்குப் போயிற்று.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் தஸ்தகீரைப் போய்ப் பார்த்தார்கள். அவரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று பச்சியப்பன் நினைத்தான். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவனோடு பிணங்கி வந்துவிட்ட மகள் ஜைதூன், பிள்ளைத்தாய்ச்சியாக, சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"வக்கீலு வூட்டப் பத்திப் பேசாதன்னு சொல்றாருங்க சாயபு. நீங்க என்ன சொல்றீங்க."

"நடந்தத சொல்லு."

"நடந்தது உங்களுக்கு எதிரா போயிருமோன்னு…"

"எப்பிடிப் போவும். எங்க குடுத்தா என்ன, பள்ளிவாசலுக்குத்தான குடுத்த. நானும் பள்ளிவாசலுக்குத்தான வாங்குனேன். ஒரு வள்ளம் ராகி என் வூட்டுப் பானைக்குப் போயிருக்குமா. கஞ்சி குடிச்ச சனம் ஊரெல்லாம் கெடக்குது. நெசத்த சொன்னா நெசம் நிக்கும் பச்சியப்பா."

அவர் அதை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார். படித்தவர்கள் எழுதிவைத்த சட்டத்தில் நிஜத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள் என்று அவருடைய எண்ணம்.

சேலம் கோர்ட்டில் பச்சியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினான். அவனுடைய கட்சி வக்கீல் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னான். முப்பாட்டன் கதையைச் சொன்னபோது ஜட்ஜுகூட நிமிர்ந்து பார்த்தார். பிறகு கமிட்டியின் வக்கீல் எழுந்தார். சிவந்த, சாந்தமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"போன வருஷம் ராகியை எங்கே கொடுத்தீர்?"

பச்சியப்பன் தஸ்தகீர் இருந்த பக்கம் பார்த்தான். அவர் தலையை அசைத்தார்.

"சாயபு வூட்டுலங்க."

"பள்ளிவாசலில் இல்லை?"

"இல்லீங்க. அவருக்கு காலு…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அதற்கு முந்தின வருஷம்?"

"வூட்டுலதானுங்க."

"யார் வாங்கிக்கொண்டது?"

"அம்மா வாங்குனாங்க. சாயபு பெஞ்சாதி."

"நீரும் உம்முடைய மனைவியும் அங்கே என்ன செய்வீர்கள்?"

"ஒக்காந்து பேசிட்டு இருப்போமுங்க. சுக்குத் தண்ணி குடுப்பாங்க."

"இரண்டு குடும்பமும் நல்ல சிநேகம்?"

"ஆமாங்க. நல்லா இருப்போம்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பச்சியப்பனுக்கு அப்போது புரியவில்லை. சிநேகம் என்று சொன்னதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கூண்டிலிருந்து இறங்கும்போது தன் கட்சி வக்கீல் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்தது.

திரும்பி வந்தது கரி பஸ்ஸில். பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுவார்கள். இரண்டு கட்சிக்கும் அந்த ஒரே பஸ்தான். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் வண்டி முனகி நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். கால் இழுக்கிற தஸ்தகீர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். வழக்குப் போட்ட கரீமுல்லா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வழக்குக்கு இலக்கானவர் உட்கார்ந்திருந்த வண்டியை மூச்சிரைக்கத் தள்ளினார். பச்சியப்பன் அவர் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினான். கரிப்புகை இரண்டு பேர் கண்ணையும் எரித்தது.

"நீ பொய் சொல்லல. அதுல எனக்கு மரியாத உண்டு," என்றார் கரீமுல்லா மெதுவாக.

அடி வாங்கியிருந்தால்கூடப் பச்சியப்பனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தீர்ப்பு ஆடியில் வந்தது. மேற்படி தானியம் இரண்டு குடும்பங்களுக்கு இடையே சிநேகத்தின் பேரில் கொடுத்து வாங்கப்பட்டது, பிரதிவாதி அதைத் தம் வீட்டில் வைத்துத் தம் மனைவி மூலமாகப் பெற்றிருக்கிறார், எனவே அது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அத்தாட்சி ஆகாது என்று ஜட்ஜு சொல்லிவிட்டதாக வக்கீல் படித்துக் காட்டினார். ஏணியில் ஏறி விழுந்ததைப் பற்றியும், வேர்வையைப் பற்றியும், செல்லம்மாளின் இரக்கத்தைப் பற்றியும் அதில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக் கஞ்சியைப் பற்றியும் இல்லை.

தஸ்தகீர் சாவியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி தானே போய்க் கரீமுல்லா கையில் கொடுத்தார். இருக்கிற வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், காலி செய்ய வேண்டியதில்லை என்று கரீமுல்லா சொன்னார். அது பெருந்தன்மைதான். ஆனால் சொந்த வீட்டில் இருப்பதற்கும், இருந்துகொள் என்று ஒருவர் சொல்லி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தஸ்தகீருக்குத் தெரியும். மானிய வருமானம் கமிட்டிக்குப் போயிற்று. மாபூபி கை மோதிரம் முதலில் போயிற்று, செம்புக் குடம் பிறகு போயிற்று. ஜைதூனுக்குப் பெண் பிறந்தது. பிள்ளைக்குப் பால் போதவில்லை, தாய்க்குச் சோறு போதவில்லை என்று சந்தை நாளில் வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த மார்கழியில் பச்சியப்பன் களத்தில் முதல் காற்றுக்கு ராகி விழுந்தது. கோணியைக் கட்டிவிட்டு அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

"எங்க கொண்டுபோறது," என்று கேட்டான்.

"எங்கன்னா."

"பள்ளிவாசல்ல கரீமுல்லா ஆளுங்க வாங்குவாங்க. சாவி அவங்ககிட்டதான."

"அவங்க கையிலயா. சாயபு கண்ணு முன்னாடியா." செல்லம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "சாயபு வூட்டுக்குக் குடுத்ததுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அப்ப வூட்டுக்கே போவோம். கோர்ட்டு சொன்னபடி நடந்தா யார் என்ன கேப்பாங்க. அந்தப் பொண்ணு புள்ளயப் பெத்து வச்சுக்கிட்டு வயித்துக்கு இல்லாம கெடக்குதாம்."

அவள் சொன்னதில் ஒரு ஞாயம் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். மனசுக்குள் கொஞ்சம் தெம்புகூட வந்தது. கோர்ட் கெடுத்ததைக் கோர்ட்டின் வார்த்தையை வைத்தே சரி செய்துவிடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. இப்படி ஒரு கணக்கைக் குடியானவர்கள்தான் போடுவார்கள். குளித்து, வெறும் வயிற்றோடு, சுமந்துகொண்டு போனார்கள்.

தஸ்தகீர் வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது வாசலில் நின்றபோதே தெரிந்தது. புகை வாசமே இல்லை. உள்ளே பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. தஸ்தகீர் கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்து நிலைப்படியில் நின்றார். கழுத்து எலும்பு தெரிந்தது. கோணியைப் பார்த்தார், பிறகு பச்சியப்பனைப் பார்த்தார்.

"எதுக்கு பச்சியப்பா."

"எப்பவும் கொண்டாறதுதானுங்களே சாயபு."

"எப்பவும் கொண்டாந்தது பள்ளிவாசலுக்கு. சாவிக்காரனா இருந்து நான் வாங்குனேன். இப்ப சாவி எங்கிட்ட இல்ல."

"வூட்டுக்குன்னு வாங்கிக்குங்க. கோர்ட்டுலயும் அப்பிடித்தான…"

"அதனாலதான் வாங்கக் கூடாது." அவர் குரலில் கோபம் இல்லை. "இத இப்ப நான் வாங்குனா அன்னிக்கு வாங்குனதும் வூட்டுக்குத்தான்னு ஆயிரும். ஜட்ஜு சொன்னது மெய்யாயிரும். எங்கப்பா, அவங்கப்பா, அவங்களுக்கு முந்தி இருந்தவங்க, எல்லாரும் உங்க வூட்டு ராகில வயிறு வளத்தவங்கன்னு ஆயிரும். தோத்தது நான் மட்டும் தோத்ததா இருக்கட்டும்."

"உள்ள பச்ச ஒடம்புக்காரி கெடக்குதுங்க," என்றாள் செல்லம்மாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பாலு வத்திப்போயிரும்."

"தெரியும்மா."

பச்சியப்பன் கோணியை இறக்காமலே நின்றான். "அன்னிக்கு நான் பொய் சொல்லித் தொலச்சுருக்கணும் சாயபு."

"சொல்லியிருந்தா இன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துருக்க மாட்டேன். நீ செஞ்சது சரி. உம் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒரு பிடியாவது ஓதிக் குடுங்க. வெதைக்கு வேணுமில்ல."

தஸ்தகீரின் கை ஒரு தடவை கோணியின் பக்கம் நகர்ந்தது. பிறகு திரும்பி நிலையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு அந்த உரிம இல்ல பச்சியப்பா. பொழுது ஏறிப்போச்சு, வெறும் வயித்தோட வந்துருப்பீங்க. போய் எதாச்சும் சாப்புடுங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிணங்கிச் சாத்துகிறவர்கள் அப்படிச் சாத்தமாட்டார்கள். அதுதான் அவர்களால் தாங்க முடியவில்லை.

சந்து தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். வரிசையாகக் கடைகள், வண்டிகள், மண்ணெண்ணெய்க்கு நிற்கிற ஜனம். எதிரே புது வளைவோடு பள்ளிவாசல். கோணியை எங்கே கொண்டுபோவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பச்சியப்பன் அதை ஒரு கடைச் சுவரோரம் இறக்கி வைத்தான். அப்போது பின்னாலிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

மாபூபி. வெள்ளைத் துப்பட்டி தோளில் சரிந்து, தலை பாதி தெரிய, செருப்பில்லாமல் வந்து நின்றாள். கடைத்தெருவில் அவளை அப்படி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று.

அவள் புடவை முந்தானையை விரித்து இரண்டு கையாலும் ஏந்தினாள். "எனக்குப் போடு செல்லம்மா."

"அக்கா, வாங்க, சந்துக்குள்ள போயிரலாம். ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கணும்னுதான் இங்க வந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சந்துல வாங்குனா அவரு வாங்குனதா சொல்லுவாங்க. இங்க வாங்குனா பிச்சக்காரி வாங்குனா. பிச்ச என்னோட போவும், அவருகிட்ட போவாது. அவருக்குத் தெரியாது, பின்வாசலால வந்தேன். போடு."

"எங் கையால உங்களுக்கு எப்பிடிக்கா பிச்ச போடுவேன்."

"புள்ள அழுவுது."

செல்லம்மாள் கோணியின் கட்டை அவிழ்த்தாள். பச்சியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் இரண்டு கையாலும் அள்ளி அந்த முந்தானையில் போட்டாள். ராகி கொஞ்சம் மண்ணில் சிந்தியது. இன்னொரு தடவை அள்ளினாள். மூன்றாவது தடவை குனிந்தபோது மாபூபி முந்தானையைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். மிச்சம் பள்ளிவாசலுது. அங்க கொண்டுபோய்க் குடுத்துருங்க. யார் வாங்குனா என்ன, வெள்ளிக்கெழம கஞ்சி காச்சணும்ல."

அவள் சிந்திக் கிடந்த ராகியைக் குனிந்து ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். எழுந்து, துப்பட்டியைத் தலைக்கு மேலே சரியாக இழுத்துப் போர்த்தினாள். பிறகு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, பிச்சை வாங்குகிறவர்கள் சொல்வதைச் சொன்னாள்.

"புண்ணியமா போவும் தாயி. உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்."

செல்லம்மாளைவிடப் பத்து வயது மூத்தவள் அவள். சொல்லிவிட்டு நெஞ்சோடு முந்தானையை அணைத்துக்கொண்டு, சந்துக்குள் நடந்து போனாள்.